ஆள் விழுந்த முடிச்சு

வெரேனா அன்றைக்கு வேண்டுமென்றே தாமதம் செய்தாள். விடிந்ததுமே மலைக்குடிலை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். அவளோ ரொட்டியை மெல்ல அறுத்தாள், பாலாடைக்கட்டியின் தோலைச் சீவினாள், குடித்த கோப்பைகளைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்தாள். வெயில் ஏறினால் பனியாற்று வெடிப்புகளை மூடியிருக்கும் பனிப்பாலங்கள் இளகிவிடும். அவளுக்கு வேண்டியது அதுதான்.

"மணி ஒன்பதாச்சு. தம்பி செத்த இடத்துல சிலுவை நடணும்னுதானே வந்தே? கல்யாண விருந்துக்கு வந்தவ மாதிரி உக்காந்திருக்கே" என்றான் அவளுக்கு வழிகாட்டியாக வந்த அல்ஃபோன்ஸ்.

"பதினாறு வருஷம் காத்திருக்கான். இன்னும் கொஞ்சம் காத்திருக்க மாட்டானா அண்ணே?"

பதினாறு வருடங்களுக்கு முன் அவள் தம்பி தியோடுல் இவனோடு ஒரே கயிற்றில் போனான். திரும்பி வந்தவன் இவன் மட்டும்தான். "பாறையில படிகக்கல்லு மின்னுதுன்னு முடிச்சை அவிழ்த்தான். கயித்தையும் தோள்ல போட்டுக்கிட்டு ஓடினான். கத்தினேன், கேக்கல" என்று ஊரில் சொன்னான். மலையில் மாண்ட வழிகாட்டிகளின் பெயரெல்லாம் தேவாலயச் சுவரில் ஒரு கருங்கல்லில் வெட்டியிருக்கிறது. தன் கயிற்றைத் தானே அவிழ்த்தவனுக்கு அதில் இடமில்லை. அவர்கள் அம்மா சாகும்வரை அந்தக் கல் கண்ணில் படாமல் பக்கவாசல் வழியாகவே பூசைக்குப் போய்வந்தாள்.

போன மாதம், பனியாறு உருகி முடியும் இடத்தில் ஆட்டைத் தேடிப் போன வெரேனாவின் காலில், இடுப்பில் கட்டும் ஒரு கயிற்று வளையம் தட்டுப்பட்டது. முடிச்சு இடதுகைக்காரன் போட்டது. ஊரிலேயே அப்படிப் போடுகிறவன் தியோடுல் ஒருவன்தான். அது கல்லாக இறுகிக் கிடந்தது. முடிச்சிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கயிறு கத்தியால் சீராக அறுபட்டிருந்தது. அவள் யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் அல்ஃபோன்ஸ் இன்னொரு கதை சொல்வான், அதையும் ஊர் நம்பும்.

பனியாற்றின் ஓரத்தில் ஒரே கயிற்றை இருவரும் இடுப்பில் கட்டினார்கள். அவரவர் முடிச்சை அவரவர் போட வேண்டும், அடுத்தவர் இழுத்துப் பார்த்து 'பிடிக்குது' என்று சொல்ல வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

"பிடிக்குது" என்றான்.

"தியோடுலோட முடிச்சையும் இழுத்துப் பாத்தியா?"

"பாத்தேன்." அவன் முன்னால் நடந்தான்.

இரண்டு மணி நேரம் நடந்தார்கள். இருபுறமும் சிகரங்கள் கண் கூசும் வெளுப்பில் நின்றன. காலுக்கடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கூடிக்கொண்டே வந்தது. பெரிய வெடிப்பின் முன் அல்ஃபோன்ஸ் கோலால் குத்தினான். கோல் பாதிவரை இறங்கியது.

"இளகிடுச்சு. திரும்பிடலாம்."

"அல்ஃபோன்ஸுக்குப் பயம் வந்துடுச்சுன்னு ஊர்ல சொல்லட்டுமா?"

அவனுக்குச் சுருக்கென்றது. பாரம் குறையட்டும் என்று மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் பாலத்தில் ஏறினான். அதற்குள் வெரேனா பனிக்கோடரியைத் தலைவரை அடித்து இறக்கி, கயிற்றை அதில் இரண்டு சுற்றுச் சுற்றிக் காலை ஊன்றி உட்கார்ந்திருந்தாள்.

நாலாவது அடியில் பாலம் உடைந்தது. கயிறு விண்ணென்று இழுத்தது. கோடரி தாங்கியது.

"பிடி வெரேனா! விட்டுடாதே!"

அவள் தன் கத்தியைத் திறந்து கயிற்றின்மேல் வைத்தாள். அறுத்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும். அது போதாது. கத்தியை வெடிப்புக்குள் வீசினாள். அவன் மூட்டையிலிருந்த கத்தியையும் தேடி எடுத்து வீசினாள்.

"ஏறி வா அண்ணே. ஒரு பொம்பளையே பிடிச்சிருக்கேன், பாரு."

சுவரில் உதைத்துப் படிவெட்டி அவன் மேலே வர அரைமணி ஆயிற்று. வந்ததும் இடுப்புக் கயிற்றைப் பிய்த்து இழுத்தான். நனைந்த முடிச்சு அசையவில்லை. அவளுடையதும் அப்படித்தான்.

"என் கத்தி எங்கே?"

"உன்னைத் தாண்டித்தானே போச்சு. பாக்கலையா?"

கடைசிப் பனி முடிந்த பின்னும் கயிற்றோடு நடப்பது வழிகாட்டிக்குக் கேவலம். அல்ஃபோன்ஸ் மூன்று மணி நேரம் அப்படி நடந்தான், அதுவும் அவளுக்குப் பின்னால். அன்று மாதா திருநாள். ஊர்வலம் முடிந்து ஊரே தேவாலயத்தின் முன் நின்றது.

"என்னப்பா அல்ஃபோன்ஸு, சந்தைக்கு மாடு மாதிரி உன்னை ஓட்டிட்டு வர்றா?" என்று ரொட்டிக்கடை கத்தரீனா ஆரம்பித்தாள். கூட்டம் சிரித்தது. "அவிழ்க்கக்கூட மறந்துட்டியா?"

"அவிழலடி! ஆள் விழுந்த முடிச்சு கையால அவிழாது. முப்பது வருஷமா மலையில இருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்று கத்தினான்.

வெரேனா பையிலிருந்த வளையத்தை எடுத்து வழிகாட்டிகளின் தலைவர் மோரிட்ஸிடம் நீட்டினாள். "இது பனியாறு துப்பினது. இதையும் அவிழ்த்துப் பாருங்கய்யா."

மோரிட்ஸ் முடிச்சைத் திருப்பிப் பார்த்தார். இடதுகை. நகத்தை நுழைத்துப் பார்த்தார், நுழையவில்லை. பிறகு அறுபட்ட முனையைக் கட்டைவிரலால் தடவினார். சிரிப்பு நின்றுபோனது.

"கல்தச்சனைக் கூப்பிடுங்க. தியோடுல் பேரை வெட்டணும்" என்றார் மோரிட்ஸ்.

தன் கத்தியை எடுத்து வெரேனாவின் இடுப்புக் கயிற்றை அறுத்தார். அல்ஃபோன்ஸும் தன் முடிச்சைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான்.

மோரிட்ஸ் கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.