மலையடியிலிருந்து ஒன்றரை டிக்கெட்

கரியூரில் ஒரு மலை இருக்கிறது என்பதற்கு பஸ் நிறுத்தம்தான் சாட்சி. பதினாலாம் நம்பர் டவுன் பஸ்ஸில் சாம்பல் ஏரிக்கு அடுத்த நிறுத்தம் மலையடி. மலையைக் கண்ணால் கண்டவர் யாருமில்லை. அனல் மின்நிலையத்துக் கரிப்புகை நாற்பது வருஷமாக அங்கேதான் குடியிருந்தது. மலையடியில் இறங்கியவர்கள் திரும்பி வந்ததில்லை. அவசர வேலை உள்ளவர்கள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

இப்போது அந்த பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் தவச்செல்விக்கு அன்று ஆறு வயது. "தண்ணி புடிச்சிட்டு வந்துடுறேன், சீட்ட விட்டுடாத" என்று சொல்லிவிட்டு அவள் அம்மா வேலம்மாள் மலையடியில் இறங்கினாள். பஸ் கிளம்பிவிட்டது. தவச்செல்வி சீட்டை விடவில்லை. வளர்ந்து, அதே தடத்திலேயே வேலை கேட்டு வாங்கினாள். மூன்றாவது ஜன்னல் சீட்டில் முப்பத்தைந்து வருஷமாக இடம் பிடித்தபடி ஒரு கைக்குட்டை கிடக்கிறது. வண்டி மூன்று தடவை மாறி, கடைசியில் பேட்டரி பஸ்ஸும் வந்துவிட்டது. கைக்குட்டை மாறவில்லை.

கடலில் காற்றாலைகள் சுற்றத் தொடங்கிய அன்று அனல் நிலையத்தை அணைத்தார்கள். புகை தினம் ஒரு பனை உயரம் வடிந்தது. முதல் நாள் உச்சி தெரிந்தது. அடேயப்பா, என்ன பச்சை! பஸ்ஸில் இருந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார்கள். நான்காம் நாள் அருவி வெளியே வந்தது. நாற்பது வருஷத்துச் சத்தமும் ஒரேயடியாக வந்து சேர்ந்தது. டிரைவர் பிச்சாண்டி வண்டியை ஓரங்கட்டி, அது முழுதும் கேட்டு முடியும்வரை காத்திருந்தார்.

தவச்செல்விக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் தரை தெரிந்துவிடும். அங்கே யாரும் இல்லாவிட்டால் என்ன செய்வது?

ஒன்பதாம் நாள் மலையடியில் நாற்பது பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். பஸ் கண்ணுக்குத் தெரியட்டும் என்று காத்திருந்தவர்கள். கடைசியில் வேலம்மாள், இறங்கிய அன்றிருந்த அதே இருபத்தெட்டு வயதில், கையில் கூஜாவோடு. தண்ணீர் இன்னும் சில்லென்றுதான் இருந்தது.

ஏறியவள் கைக்குட்டையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். மகளின் நரைத்த உச்சியைப் பார்த்தாள்.

"தல ஏன்டி இப்படிப் பரட்டையா கெடக்கு?"

"நேரமே இல்லம்மா."

"சரி, பஸ் ஸ்டாண்டுக்கு ஒண்ணரை டிக்கெட் குடு."

பிச்சாண்டி கண்ணாடியில் பார்த்தார். "அரை டிக்கெட்னா பிள்ளையக் கோட்டுல நிக்க வைங்கம்மா."

படியருகே கம்பியில் பிள்ளைகளை அளக்கும் சிவப்புக் கோடு இருந்தது. நாற்பத்தொரு வயது தவச்செல்வி அதில் முதுகை ஒட்டி நின்றாள். அம்மா எழுந்து வந்து அவள் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்தாள். கை, கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றது.

"அரைதான்" என்றார் பிச்சாண்டி.

தவச்செல்வி ஒரு முழு டிக்கெட்டைக் கிழித்து அம்மாவிடம் கொடுத்தாள். அரை டிக்கெட்டைத் தானே வைத்துக்கொண்டு விசில் ஊதினாள். அம்மா அவளைத் தூக்கி ஜன்னலோரம் உட்காரவைத்தாள். கால் தரைக்கு எட்டவில்லை.