ஒரு தாளில் இரண்டு சூரியன்கள்

கூட்டத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசையின் தலைமாட்டில் இயக்குநர். அவருக்கு வலப்பக்கம், நிழலை அளந்து ஆழம் சொல்லும் கணக்குக்காரர். இடப்பக்கம் தட்டச்சு அம்மாள். சன்னலோரம், அடுத்த மாதம் நிலவில் இறங்கப்போகும் ஓட்டி. தாமதமாக வந்த வரைபடக்காரிக்கு இயக்குநருக்கு நேரெதிரே கால்மாட்டு நாற்காலிதான் மிஞ்சியது. அதனால் மேசையில் விரித்திருந்த, அவள் தயாரித்த நிலவுப் பெரும்பள்ளத்தின் படம் அவளுக்கே தலைகீழாகத் தெரிந்தது.

"விளிம்பு, படிப்படியா எறங்குற சரிவு, நடுவுல சிகரம். எல்லாம் சரி," என்ற இயக்குநர், பெரும்பள்ளத்தின் தரையைப் பெரிதாக்கி மூலையில் ஒட்டியிருந்த துண்டின்மேல் விரல் வைத்தார். "இந்த மேட்டு மேலதான் எறங்கணும்."

"அக்கா போட்ட மேடு. விழுந்தா அக்காவத்தான் வந்து கேப்பேன்," என்றான் ஓட்டி.

"விழுந்தா எங்கேருந்துப்பா வந்து கேப்ப?" என்றார் கணக்குக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. தலைகீழாகப் பார்த்ததில் பழகிய பள்ளமெல்லாம் மறைந்து, நிழல்கள் மட்டும் துருத்திக்கொண்டிருந்தன. சிகரத்தின் நிழல் இயக்குநர் பக்கம் விழுந்திருந்தது. ஒட்டுத்துண்டில் ஒரு பாறையின் நிழலோ அவள் பக்கம் நீண்டிருந்தது. ஒரே தாளில் இரண்டு சூரியனா?

அவசரத்தில் துண்டைத் திருப்பி ஒட்டியிருக்கிறாள். படத்தில் வெளிச்சம் கீழ்ப்பக்கமிருந்து விழுந்தால் குழியும் மேடாகத்தான் தெரியும். அது மேடில்லை. செங்குத்தான குழி.

கையெழுத்துக்காகத் தாள் சுற்றி வந்தது. அவளும் போட்டாள். எழுந்து போன ஓட்டியின் காலணிச் சத்தம் படிக்கட்டில் தேய்ந்து மறைந்தது.

இந்த அலுவலகத்தில் கையெழுத்தான படத்தை வாய்வார்த்தையால் திருத்த முடியாது. பிழை செய்தவரே எழுதி, படத்தோடு வைத்து அனுப்ப வேண்டும். போன வருடம் அப்படி எழுதியவர் இன்று கிடங்கில் தூசு தட்டிக்கொண்டிருக்கிறார். அவள் வீட்டிலோ வேலைக்குப் போகும் ஆள் அவள் ஒருத்திதான். மூன்று முறை பேனாவைத் திறந்து மூடினாள்.

"தபால் வண்டி வந்தாச்சு. ஏவுதளத்துக்குப் போற படத்து உறைய ஒட்டலாமா?" தட்டச்சு அம்மாள் அரக்கோடு வந்து நின்றாள்.

"ஒரு நிமிஷம்மா. ஒரு கடுதாசி வைக்கணும்."

"யாருக்கு?"

"ஓட்டிக்கு."

"அடியாத்தி! நிலாவுக்குப் போகுமுன்னே காதல் கடிதமா?"

அவள் குனிந்து எழுதினாள்.

'தம்பிக்கு, மூலையில் உள்ள துண்டைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். மேடு என்று நான் காட்டியது குழி. அங்கே இறங்க வேண்டாம். பிழை என்னுடையது.'

கையெழுத்து மட்டும் கோணிக்கொண்டது. மடித்து உள்ளே வைத்தாள். அம்மாள் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரையை அழுத்தினாள். உறை மாடிப்படி இறங்கி, வண்டியேறிப் போயிற்று.

மேசையில் ஒரு சொட்டு அரக்கு சிந்திக் கிடந்தது. சன்னல் வெளிச்சத்தில் அது மேடா குழியா என்று தெரியவில்லை. தொட்டுப் பார்க்க விரலை நீட்டினாள். தொடாமலே இழுத்துக்கொண்டாள்.