காதில் பேசும் குரலுக்கு ஒரு கோர்

மஸ்லியானா எழுதிய டிஜே மென்பொருளின் புதிய பதிப்பு வெளியான வாரமே மலேசியாவின் தென்பகுதி ஊரான முவாரிலிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. அனுப்பியவர் கல்யாண வீடுகளில் பாட்டுப் போடும் ஹஸ்புல்லா.

"பாட்டு நல்லாத்தான் ஓடுது. என் காதுல பேசுற குரல்தான் திக்குது. எனக்குக் கண்ணு தெரியாது. திரையில வர்ற பாட்டுப் பேரை அது படிச்சுச் சொன்னாத்தான் நான் போட முடியும்."

மஸ்லியானா கோலாலம்பூர் அலுவலகத்தில் சோதித்துப் பார்த்தாள். குறை எதுவும் தெரியவில்லை. முன்பு கணினிச் செயலியின் ஒரே கோர், அதாவது ஒரே கணக்கிடும் பகுதி, சுமந்த வேலையை அதன் எல்லாக் கோர்களுக்கும் பிரித்துக் கொடுத்திருந்தாள். மாதக்கணக்கான உழைப்பு. பழைய லேப்டாப்பில்கூடப் பாட்டு அறுபடாமல் ஓடுவதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆனாலும் மனம் கேட்காமல் சனிக்கிழமை காலை முவாருக்குப் பஸ் ஏறினாள்.

ஹஸ்புல்லா பாட்டுப் போடும் கல்யாணப் பந்தலில் நெய்ச்சோறு மணத்தது. ஹஸ்புல்லா ஹெட்போனின் ஒரு பக்கத்தை அவளிடம் நீட்டினார். "நீயே கேளு, அடிக்" என்றார், தங்கையை அழைக்கும் மலாய்ச் சொல்லால்.

பாட்டுப் பெயர்களைப் படித்த குரல் பாதி எழுத்துகளை விழுங்கியது.

அதற்குள் மாப்பிள்ளையை அழைத்துவரும் கொம்பாங் கொட்டு நெருங்கிவிட்டது. மாப்பிள்ளை வந்துவிட்டார். காதில் விழுந்த அரைகுறைச் சொல்லை நம்பி ஹஸ்புல்லா பொத்தானை அழுத்தினார். காதலி கைவிட்டுப்போன ஒருவனின் புலம்பல் பந்தல் முழுக்க ஒலித்தது. மணப்பெண்ணின் தாய் முகம் கறுத்தாள்.

ஹஸ்புல்லா சட்டென்று பாட்டை நிறுத்தி மைக்கை எடுத்தார். "மாப்பிள்ளை, பயந்துடாதீங்க. இது உங்ககிட்ட தோத்துப்போன பயலுகளுக்காகப் போட்டது."

பந்தல் சிரித்தது. தாயும் சிரித்துவிட்டாள். மஸ்லியானா அவருடைய லேப்டாப்பின் விவரங்களைத் திறந்து பார்த்தாள்.

"தப்பு என்னோடது, அபாங்" என்று அவரை அண்ணனாக அழைத்துச் சொன்னாள். "உங்க லேப்டாப்புல இருக்கிறது நாலே கோர். நாலையும் பாட்டுக்கே கொடுத்துட்டேன். உங்க குரலுக்கு இடமே விடல."

"என்னை மாதிரி ஒருத்தன் இருப்பான்னு நினைக்கலயா?"

"நினைக்கல."

அவர் ஹெட்போனைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். பிறகு, "சாப்பிட்டுட்டுச் சரி பண்றியா, சரி பண்ணிட்டுச் சாப்பிடுறியா?" என்றார்.

விருந்து நேரத்துக்கு அவர் கைப்பேசியை ஸ்பீக்கரில் செருகி மெல்லிய பாட்டுகளை ஓடவிட்டார். அவள் ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு கோரைத் தொடாமல் ஒதுக்கி வைக்கும்படி மென்பொருளை மாற்றினாள். குரல் தெளிந்தது. ஆனால் இரண்டு பாட்டுகளில் பாடகரின் குரலை நீக்கிவிட்டு இசையை மட்டும் கலந்தபோது ஓசை கரகரத்தது.

"அந்த வித்தை எனக்கு வேணாம். எந்தப் பாட்டுன்னு தெரிஞ்சாப் போதும்."

மணமக்கள் மேடையேறியபோது சரியான பாட்டு ஒலித்தது. அவள் ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டாள்.

திங்களன்று மேலாளர் முகம் சுளித்தார். "ஒரு கோரைச் சும்மா விட்டா வேகம் குறையுமே, மஸ். விளம்பரத்துல என்னத்தப் போடுறது?"

அவள் முவாரில் பதிவு செய்திருந்த திக்கல் குரலை ஓடவிட்டாள். அவர் கடைசிவரை கேட்டார்.

"இதுல ஒரு பாட்டுப் பேராவது உனக்குப் புரிஞ்சுதா?" என்று அவளிடம் கேட்டார்.

"இல்ல."

"சரி, ஒரு கோரை ஒதுக்குற அந்த வசதியை எல்லாருக்குமே போட்டுடு" என்றார் மேலாளர்.