காப்புக்கு என்னை யாரும் அழைக்கல

ஆறு வருஷமா எனக்கு ஒரே ஆசைதான். யாராவது ஒருத்தர் என்னை "நம்ம ஆளு"ன்னு சொல்லணும். பேராசையா இது?

நான் மஞ்சுளா. பொறந்தது மலைக்குக் கீழ, படவேடு. ஜவ்வாது மலைமேல ஒரு சின்ன ஊர்ல கால்நடை ஆய்வாளரா இருக்கேன். திருவண்ணாமலையில மாசக் கூட்டத்துக்குப் போனா, "வாம்மா மலை, தேன் கொண்டாந்தியா?"ன்னு கேலி பண்ணுவாங்க. அப்புறம் அவங்க பாட்டுக்கு வேலூர்ல பிளாட் வாங்கின கதை பேசுவாங்க. நான் ஓரமா ஒக்காந்து சோத்தத் தின்னுட்டு வருவேன். மலைக்குத் திரும்பினா இங்க நான் டவுன்காரம்மா. மாடு கன்னு போட முடியாம கெடந்தா நான் வேணும், மத்தபடி வேணாம். பக்கத்து வூட்டு செல்லி மட்டும்தான் "இன்னா மஞ்சு, துன்னியா?"ன்னு எட்டிப் பாத்துக் கேப்பா.

நான் வந்தப்புறம் மொத தடவையா இந்த வருஷம் நடக்கற காளியம்மன் திருவிழாவுக்கு செல்லியும், ஊர்க் காரியமெல்லாம் முன்ன நின்னு செய்யற பெரியவரு சின்னக்குழந்தையும் தாம்பாளத்துல மஞ்சள் குங்குமம் வச்சிக்கினு அழைக்கக் கெளம்பினாங்க. என் வாசலைத் தாண்டித்தான் போனாங்க, வந்தாங்க. எனக்கு ஒரு வார்த்தை? ம்ஹூம்.

காப்பு கட்டின அன்னிக்கு என் வாசல்லயும் வேப்பிலை செருகியிருந்திச்சி. எனக்கு வாடகைக்கு வுட்ட வூட்டுக்காரருக்காக செருகினதுன்னு வுட்டுட்டேன். காப்பு கட்டிட்டா ஊர்க்காரங்க யாரும் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். நான்தான் ஊர்க்காரி இல்லியே! மறுநாள் கூட்டத்துக்குப் போனவ, வீம்புக்குன்னே கலசப்பாக்கத்துல தங்கச்சி வூட்ல படுத்துட்டேன்.

காலையில ஜீப்ல வந்து எறங்கினா மேளச் சத்தமே இல்ல. பந்தல் பாதி பிரிச்சிக் கெடக்குது. ஏதோ சாவு வுழுந்துட்டுதோன்னு திக்குனு ஆயிடுச்சி.

செல்லி அவ வாசல்ல நின்னுக்கினு இருந்தா.

"இன்னாடி ஆச்சி?"ன்னேன்.

"ராத்திரி எங்க இருந்த?"

"தங்கச்சி வூட்ல."

"காப்பு கட்டின ஊரை வுட்டுட்டா?"

எனக்கும் சுர்ருனு வந்திச்சி. "ஒரு வார்த்தை அழைச்சீங்களாடி என்னை?"

"அழைக்கறதா?" செல்லி கத்தினா. "வெளியூர் ஒறமொறையத்தான் அழைப்போம். சொந்த வூட்டு ஆளை எவனாவது தட்டு வச்சி அழைப்பானா? என் புருஷனை நான் அழைச்சேனா? எங்க வூட்டுக்கு அடுத்து உன் வூட்டை எண்ணித்தான்டி அந்த வேப்பிலை! ராத்திரி பூசையில எண்ணிப் பாத்தா ஒரு தலை கொறையுது. காப்பை அவுத்துட்டாங்க."

எனக்குக் காது அடைச்சிப்போச்சி. அடக் கடவுளே, என்னாலயா? ஒரு ஊர்த் திருவிழாவே நின்னுபோற அளவுக்கு நான் இங்க ஒரு ஆளா?

கோயிலுக்கு ஓடினேன். சின்னக்குழந்தை மரத்தடியில ஒக்காந்திருந்தாரு. "தெரியாம பண்ணிட்டேங்க ஐயா"ன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் திட்டலை. "வுடும்மா, அடுத்த மாசம் மறுபடி கட்டிக்கலாம்"னாரு. நானும் மடச்சி, மனசு குளிர்ந்து வூட்டுக்கு வந்தேன். இந்தவாட்டி ஊரை வுட்டு ஒரு அடி நகரக் கூடாது, கூட்டமாவது மண்ணாவதுன்னு முடிவே பண்ணிட்டேன்.

நேத்து சாயங்காலம் கதவைத் தட்டினாங்க. தொறந்தா சின்னக்குழந்தை. பக்கத்துல செல்லி. அவ கையில தாம்பாளம்.

"செவ்வாக்கெழம காப்பு கட்டறோங்க. நீங்க அவசியம் வந்து கலந்துக்கணும்"னா செல்லி. என் மொகத்தைப் பாக்கவே இல்ல.

"செல்லி, நான்டி"ன்னேன்.

 அவ தட்டை இன்னும் கிட்ட நீட்டினா. நான் குங்குமம் எடுத்து வச்சிக்கினு, வந்தவங்களுக்குத் தண்ணி கொண்டார உள்ள போனேன்.