டாலியன்ஸ் என்ற சொல்லுக்கு எதிரே ஒரு வெற்றிடம்

1
வேறொரு வேலையைத் தள்ளிப்போட அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன்; அப்போது அகப்பட்டதுதான் இந்தக் கதை. டாலியன்ஸ் என்றொரு ஆங்கிலச் சொல். காதல் விளையாட்டு, வீண்பொழுது என்று பொருள் போட்டிருந்தார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன்போ, நிதானமாக உட்கார்ந்து பேசுவதற்குத்தான் அந்தப் பெயராம். பேச்சு எப்படியோ சரசமாகி, சரசம் வீண்பொழுதாகிவிட்டது. வழியில் என்னதான் நடந்தது?

2
மழை பெய்துகொண்டிருந்த ஒரு

(வேண்டாம். மழை வந்தால் பாதிக் கதையை அதுவே எழுதிவிடும்.)

அகராதி அலுவலகம். மின்விசிறி தூக்கக் கலக்கத்தில் சுற்றும் பிற்பகல். சொற்களுக்குப் பொருள் எழுதும் தொகுப்பாளர் அவள். அதைச் சரிபார்ப்பவருக்கு அலுவலகம் வைத்த பெயர் கமா, எதையும் முடிக்கமாட்டார். ஒரு சொல்லின் தாளில் இருவரும் கையெழுத்திட்டால்தான் அது அச்சுக்குப் போகும். இந்தச் சொல்லின் தாள் மட்டும் மேசையைவிட்டு நகரவே இல்லை.

"கொஞ்சல்னு போட்டா என்ன மேடம்?"

"குழந்தையைன்னு நெனச்சுக்குவாங்க சார்."

"அப்ப நாளைக்குப் பாக்கலாம்."

"நாளைக்கு மட்டும் கையெழுத்து போட்டுடப் போறீங்களாக்கும்!"

பிறகு பேச்சு மேகம், அவர் முழங்கால் வலி, அவள் அக்கா வீட்டுப் பூனை என்று எங்கெங்கோ மிதந்து போகும். அவள் அவரைக் காதலித்

(அவசரப்படுகிறேன். அவளே இன்னும் அந்தச் சொல்லைத் தொடவில்லை.)

3
இன்று பதிப்பாசிரியர் வந்து நின்றார். "ஒத்த வார்த்தைக்காக அச்சு காத்துக் கெடக்குது. சாயங்காலத்துக்குள்ள முடிங்க. இல்லேன்னா பழைய பதிப்புல இருக்கற 'வீண்பொழுது'தான் போகும். சார் நாளையிலேருந்து கீழ்மாடிப் பிரிவுக்கு."

இத்தனை பிற்பகல்களுக்கும் அதுதான் பெயரா? அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

'சரசம்' என்று அவளை எழுதவைத்துப் பார்த்தேன், கையால் மறைத்துக்கொண்டாள். 'உரையாடல்' என்று எழுதவைத்தேன், முகம் வாடிப்போயிற்று. இரண்டையும் அடித்துவிட்டேன்.

என்னைக் கேட்காமல் அவள் வேறொன்று செய்தாள். பொருள் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டு, அடியில் கையெழுத்திட்டுத் தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"பொருளே இல்லாம கையெழுத்தா? விதி என்ன ஆச்சு மேடம்?"

"விதி தெரியாமலா போட்டேன்? நீங்க எழுதுங்க சார். என்ன எழுதினாலும் எனக்குச் சம்மதம்."

கமா பேனா மூடியைத் திறந்தார். முதல்முறையாக அவர் நாளைக்கு என்று சொல்லவில்லை.

எந்தச் சொல்லை எழுதப்போகிறார் என்று நான் சொன்னால், அவருக்கு அவள் தந்த சம்மதத்தை நான் எடுத்துக்கொண்டதாகிவிடும். உங்களுக்கு அவரைத் தெரியும்; பேனா இன்னும் தாளைத் தொடவில்லை.