அரைத்தூக்கம் போட்ட ஒற்றை நட்சத்திரம்

கூடத்தின் நடுவில் அப்பா கிடத்தப்பட்டிருந்தார். தலைமாட்டில் சுவரில் சாய்ந்தபடி அம்மா. கால்மாட்டில் நாற்காலியில் மாமா, அம்மாவின் அண்ணன். சன்னலோர பெஞ்சில் அப்பாவோடு வேலை பார்த்த லிஃப்ட் மெக்கானிக்குகள் மூன்று பேர், நெருக்கியடித்துக்கொண்டு. வாசற்படியில் தம்பி. மகள் மட்டும் உட்காரவில்லை. வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். குடிநீர் அலுவலகத்தில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறவள் அவள். யார் வந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்று மனதில் குறித்துக்கொள்ளும் பழக்கம் அன்றைக்கும் விடவில்லை. அதனால்தான் மெக்கானிக்குகளில் ஒருவர் போனைப் பார்த்துச் சிரித்ததும், அந்தச் சிரிப்பை இருமலாக்கியதும் அவள் கண்ணில் பட்டது.

தம்பியும் அதைப் பார்த்துவிட்டான். முகம் சுண்டிப்போயிற்று. துக்கச் செய்தியோடு அப்பாவின் புத்தகங்கள் விற்கும் இணையப் பக்கத்தையும் எல்லோருக்கும் அனுப்பியவன் அவன்தான். அப்பா ஓய்வுபெற்ற பிறகு துப்பறியும் நாவல்களாக எழுதித் தானே பதிப்பித்தார். அந்தப் பக்கத்தைத் திறந்தால் முதலில் நிற்பது 'அரைத்தூக்கம்' என்ற பெயரில் ஒருவர் போட்ட ஒற்றை நட்சத்திரம்.

"ஐந்து நாவலிலும் பிணம் லிஃப்டுக்குள்ளேயே கிடக்கிறது. ஆசிரியர் ஒருமுறையாவது படி ஏறிப் பார்க்கலாம்."

அதன் கீழே அப்பாவின் பதில்: "அன்புள்ள வாசகருக்கு, அடுத்த கொலை படிக்கட்டில். தாங்கள் கண்ணாடி போடாமல் படிக்கிறீர்கள் போலிருக்கிறது. தலைவலி வரும்."

தம்பி அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டான். இணையதளத்துக்காரர்களிடம் ஏற்கெனவே பேசியிருந்தான். சொந்தமாகப் பதிப்பிக்கிறவர் இறந்துபோனால், குடும்பத்தார் கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பினால் போதும், மோசமான விமர்சனங்களை எடுத்துவிடுவார்களாம்.

"நீதானேக்கா நல்லா எழுதுவே. எழுதிக் குடு, இன்னிக்கே அனுப்பிடலாம்."

தண்ணீருக்கு வந்த மாமா காதில் அது விழுந்தது. ஓட்டலில் சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை என்றால் சொல்லக் கூடாதா, புத்தகத்துக்கு மட்டும் என்ன தனிச் சலுகை என்று கேட்டார். தம்பி விடவில்லை. பெரிய பதிப்பகத்துப் புத்தகத்தை நூறு பேர் திட்டினால் தூக்கிப் பிடிக்க இருநூறு பேர் வருவார்கள். அப்பாவுக்கு விமர்சனம் எழுதியவர்களே ஏழு பேர், அதில் முதல் ஆள் இப்படி உதைத்தால் அடுத்தவன் ஏன் வாங்குவான் என்றான்.

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவள் போனை வாங்கி ஏழையும் நிதானமாகப் படித்தாள். அலுவலகத்தில் செய்வதைத்தான் செய்தாள்: குழாயைப் பற்றிய புகார் ஒரு பக்கம், குழாய்க்காரனைப் பற்றிய வசவு இன்னொரு பக்கம். வசவு ஒன்று இருந்தது. அதை எழுதியவர் புத்தகத்தையே திறக்கவில்லை. பின்னட்டைப் படத்தைப் பார்த்து, இந்த மூஞ்சிக்கெல்லாம் எழுத்து ஒரு கேடா என்று கேட்டிருந்தார். அரைத்தூக்கம் அப்படியில்லை. ஐந்தையும் கடைசிப் பக்கம் வரை படித்த ஆள்.

"இதை எடுத்தா கீழ இருக்கிற அப்பாவோட பதிலும் சேர்ந்து போயிடும்டா."

"போகட்டுமே. அதுவும் வெறும் நக்கல்தானே."

"அதைத் தொடாதீங்க."

நிலைப்படியில் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"அதைப் போட்டது நான்தான்."

மாமா கையிலிருந்த டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

அம்மா அங்கேயே நின்று சொன்னாள். ஒவ்வொரு நாவல் முடிந்ததும் எப்படியிருக்கிறது என்று கேட்பாராம். இன்னும் எத்தனை பேரை அந்தப் பெட்டிக்குள்ளேயே கொல்லுவீர்கள் என்று இவள் கேட்டால், உனக்கென்ன தெரியும் என்று எழுந்து போய்விடுவாராம். ஒருநாள் தூக்கம் வராமல் புரண்டவள், போனை எடுத்து வேறு பெயரில் எழுதிவிட்டாள். மறுநாள் காலையில் அவர் காபி ஆறிப்போவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்து, ஆறாவது கதையின் பிணத்தை லிஃப்டிலிருந்து இழுத்து மாடிப்படியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னா காதுல ஏறாது. முகம் தெரியாத ஆள் சொன்னா உடனே திருத்துவார்."

"நீதான்னு அப்பாவுக்குத் தெரியுமாம்மா?" என்று மகள் கேட்டாள்.

"கண்ணாடி போடாம படிக்கிறவ இந்த வீட்டுல வேற யாரு? ஆனா அவர் கேட்கல. நானும் சொல்லல."

தம்பி அந்தப் பக்கத்தை மறுபடி படித்தான்.

"அதுக்காக ஒரே ஒரு நட்சத்திரமாம்மா? ரெண்டாவது போட்டிருக்கலாம்ல."

"ரெண்டு போட்டிருந்தா திருத்தியிருக்க மாட்டார்," என்றாள் அம்மா. சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வண்டி வந்தது. மெக்கானிக்குகள் மூவரும் முன்னால் நின்று தூக்கினார்கள்.

எல்லாம் முடிந்து திரும்பிய பிறகு மகள் கடிதம் எழுதினாள். முகத்தைப் பழித்த அந்த ஒன்றை மட்டும் நீக்கவும். அது புத்தகத்தைப் பற்றியதல்ல. மற்ற ஆறும், குறிப்பாக முதலில் உள்ளதும் அதன் பதிலும், இருக்கிறபடியே இருக்கட்டும். இது குடும்பத்தார் நன்கு யோசித்து எடுத்த முடிவு.

அம்மா கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். முழுக்கப் படித்தபிறகே கையெழுத்திட்டாள். தம்பி உறையை ஒட்டி, ஓரங்களை விரலால் அழுத்தித் தேய்த்தான்.

கூரியர் அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கீழேயே கதவைத் திறந்துகொண்டு நின்றது. தம்பி அக்காவைப் பார்த்தான். இருவரும் படி ஏறினார்கள். மேலே, உறையை வாங்கியவர் முத்திரை குத்திப் பையில் போட்டார்.