எவ்வளவு போச்சு?

கணவரின் சட்டையில் மூன்றாவது பொத்தானைப் போடும்போதே அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதரை. அவரைக் கொண்டுபோக வண்டி பன்னிரண்டு மணிக்கு வரும். மீதிப் பொத்தான்களையும் போட்டு, காலரைச் சரிசெய்துவிட்டுக் கைப்பையை எடுத்தாள்.

"அண்ணி, எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் கொழுந்தனார்.

"லேபுக்கு. பதினொன்றரைக்குள்ள வந்துடுவேன்."

"அண்ணன் இப்படிக் கிடக்கறப்பவா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"சொல்லட்டும். உங்க அண்ணன் கேட்டா நான்தானே பதில் சொல்லணும்?"

அவர் வழிவிட்டார்.

அவளுக்கும் கணவருக்கும் ஒரே ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது வருடம். அவர் பூச்சு போடுவார். அவள் எடை போடுவாள். காற்றில்லாத உலையில் வைத்துச் சுட்டால் சில உலோகங்கள் உருகக்கூடச் செய்யாது. கட்டியாக இருந்தபடியே ஆவியாகித் தேய்ந்துகொண்டே போகும். அதை ஒரு மெல்லிய பூச்சால் தடுத்துக் காட்டுகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்ற மனிதர் அவர். பதினோரு முறை பூச்சு விரிசல் விட்டது. பதினோரு முறையும், "எவ்வளவு போச்சு?" என்று பரீட்சை முடிவு கேட்கும் பையன் மாதிரி அவள் மேசை முன்னால் வந்து நின்றார். அவள் ஒரு தடவைகூடக் குறைத்துச் சொன்னதில்லை. "கட்டின புருஷனுக்கு ஒரு புள்ளிகூடத் தள்ளுபடி கிடையாதா?" என்பார். கிடையாது.

விரிசல் மூலைகளில்தான் தொடங்குகிறது என்று கண்டுபிடித்தவரும் அவரேதான். பன்னிரண்டாவது துண்டின் மூலைகளை உப்புத்தாளால் மூன்று நாள் தேய்த்து மழுக்கினார். கட்டைவிரல் ரேகையே அழிந்துபோயிற்று. அந்தத் துண்டை ஆறு வாரம் சுட்ட உலை நேற்று இரவு தானாக அணைந்திருக்கும். அவரோ நேற்றுக் காலை ஷூ மாட்டக் குனிந்தவர், நிமிரவில்லை.

மதியத்துக்கு மேல் உலை வேறு குழுவுக்கு. அவர்கள் துண்டை எடுத்து வெளியே போட்டால் ஈரம் ஏறும், எடை பொய்யாகிவிடும். பதில் சொல்லாமல் அவரை அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

கையுறை மாட்டிக்கொண்டு உலையைத் திறந்தாள். ஒப்பிட்டுப் பார்க்கக் கூடவே வைத்திருந்த பூச்சில்லாத துண்டு கறையான் அரித்தது போலிருந்தது. அதை முதலில் எடை போட்டாள். அவருடையதை இடுக்கியால் எடுத்துத் தராசில் வைத்தாள். எண் நிலைகொள்ளவே இல்லை. தராசின் மேல் குற்றமில்லை. அவள்தான் மேசையில் கையை ஊன்றிச் சாய்ந்திருந்தாள். கையை எடுத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எண் நின்றது. அந்த எண் வரவேண்டும் என்று அவ்வளவு தவித்ததாலேயே அதை நம்ப முடியாமல் மறுபடி போட்டாள். மூன்றாம் முறையும் அதேதான். குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடும்போது அழுகை வந்தது. அழுதுகொண்டே அறையைப் பூட்டினாள்.

வீட்டுக்குள் நுழையும்போது மணி பதினொன்று நாற்பது.

"பத்து நிமிஷம் லேட்டு, அண்ணி."

"மூணு தடவ போட வேண்டியதாப்போச்சு."

கணவரின் காதருகே குனிந்தாள்.

"வெறுந்துண்டு நூத்துக்கு முப்பத்தொண்ணு போச்சு. உங்களோடது அரைகூடப் போகல." கொஞ்சம் யோசித்தாள். "சரியாச் சொன்னா, பூஜ்யம் புள்ளி நாலு."

வாசலில் வண்டி வந்து நின்றது. அவள் இடது கையில் கையுறை அப்படியே இருந்தது. அதைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, ரேகை அழிந்த அந்தக் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள்.